டியூப்லைட்டுல எழுதாத பேரு: விருது விழா மேடையில என்ன விக்கிறாங்க?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்கான யோசனை வந்தது சென்னையில இல்ல, தியாகதுருகத்துல. சென்னையிலேர்ந்து சேலம் போற பஸ்ல போயிருந்தீங்கன்னா தெரியும். உளுந்தூர்பேட்டை தாண்டி, கள்ளக்குறிச்சி வர்றதுக்கு முன்னாடி ஊருக்குள்ளயே ஒரு மலை, மேல பழைய கோட்டை. அந்த மலையைப் பாத்த மாதிரி இருக்கிற ஒரு தெருவுலதான் எங்க பெரியம்மா வீடு.

பொங்கல் லீவுக்குப் போயிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டு எல்லாரும் ஹால்ல படுத்துக்கிட்டே டிவி பாத்துக்கிட்டிருந்தோம். ஒரு விருது விழா, பாகம் ஒண்ணு. எந்தச் சேனல், எந்த விழான்னு சொல்லப்போறதில்ல, அது முக்கியமும் இல்ல. தொகுப்பாளர் மேடையை விட்டு இறங்கி வந்து முன்வரிசையில இருந்த ஒரு ஹீரோகிட்ட ஃபோனைக் குடுத்து, "எல்லாரும் சேர்ந்து ஒரு செல்ஃபி"ன்னு சொல்றார். கேமரா அவங்க முகத்தைக் காட்டுறதுக்கு முன்னாடி அந்த ஃபோனோட முதுகைக் காட்டுது. ஒரு நொடி இல்ல, நல்லா மூணு நாலு நொடி. அடுத்து ஒரு நடிகைகிட்ட, "உங்க முடி எப்படி இவ்ளோ அழகா இருக்கு"ன்னு ஒரு கேள்வி. அவங்க சிரிக்கிறாங்க, பதில் சொல்றாங்க, பின்னாடி இருக்கிற பெரிய திரையில ஒரு ஷாம்பு பாட்டில் சுத்திக்கிட்டே வருது.

பெரியம்மா எழுந்து உக்காந்து கேட்டாங்க: "ஏண்டா தம்பி, இது வெளம்பரமா, நிகழ்ச்சியா?"

நான் மீடியா படிச்சவன். டக்குனு பதில் சொல்லியிருக்கணும். "ரெண்டும்தான் பெரியம்மா"ன்னு இழுத்தேன். "ரெண்டும்னா எப்படி? வெளம்பரம்னா வெளம்பரம்னு போட மாட்டானா?" அந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்த எபிசோடு.

முதல்ல ஒரு டியூப்லைட் கதை. நம்ம ஊர்க் கோயில்கள்ல பாத்திருப்பீங்க. யாராவது ஒருத்தர் லைட் வாங்கிக் குடுத்திருப்பார். அது மேல "உபயம்: இன்னார், இன்ன கடை"ன்னு பெயின்ட்ல எழுதியிருக்கும். பேரு நீளமா இருந்தா வெளிச்சம் கொஞ்சம் கம்மியாத்தான் வரும். இதைப் பத்தி எத்தனையோ ஜோக் இருக்கு. ஆனா அதுல ஒரு நேர்மை இருக்கு பாருங்க. யார் காசு குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்கன்னு அண்ணாந்து பாத்தாலே தெரிஞ்சுடும். திருவிழாக் கச்சேரி நோட்டீஸ்லயும் அப்படித்தான், பந்தல் உபயம், மைக்செட் உபயம், அன்னதானம் உபயம்னு வரிசையா இருக்கும். ஸ்பான்சர் அப்படிங்கிற விஷயம் நமக்கு டிவி வந்து கத்துக்குடுக்கல.

விருது விழாவுலயும் உபயதாரர்கள் இருக்காங்க. ஆரம்பத்துலயே ஒரு கம்பீரக் குரல் பேரெல்லாம் வாசிக்கும். "வழங்குபவர்கள்"னு ஒருத்தர், "பவர்ட் பை"ன்னு ஒருத்தர், "கோ-பவர்ட் பை"ன்னு ரெண்டு பேர், அப்புறம் "அசோசியேட் ஸ்பான்சர்"னு ஒரு கூட்டம். அதிகமாக் காசு குடுத்தவர் டைட்டில் ஸ்பான்சர், விழாவோட பேருக்கு முன்னாடியே அவர் பேர் வந்துடும். இது வரைக்கும் டியூப்லைட் கணக்குதான், பேர் எழுதியிருக்கு. எனக்கு இதுல பெரிய வருத்தம் ஒண்ணும் கிடையாது. அரங்கம், லைட்டிங், டான்ஸ், நட்சத்திரங்களோட பயணம், ஹோட்டல்னு ஒரு விழாவுக்கு ஆகுற செலவை நாம குடுக்கல, யாரோ குடுக்கணும்.

சிக்கல் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. பேர் வாசிக்கிறதோட நிக்காம, பொருள் மெதுவா நிகழ்ச்சிக்குள்ள நுழையுது. இதைத்தான் தொழில்ல "இன்டகிரேஷன்"னு சொல்றாங்க. அது எந்தெந்த வழியில வரும்னு பாருங்க. நடிகர்கள் நின்னு படம் எடுத்துக்கிற பேனர்ல லோகோ கட்டம் கட்டமா இருக்கும். எந்தக் கோணத்துல எடுத்தாலும் ஒரு லோகோவாவது படத்துல விழணுங்கிறதுக்காகத்தான் அந்தக் கட்டம். அடுத்து, விருதையே ஒரு பொருளுக்காக உருவாக்குறது. சிறந்த நடிகர், சிறந்த ஒளிப்பதிவுன்னு போய்க்கிட்டிருக்கும்போது திடீர்னு "ஸ்டைலிஷ்", "ஸ்மார்ட்", "க்ளோயிங்"னு ஒரு விருது வந்தா, அந்தப் பேர்லயே ஒரு பொருளோட விளம்பர வாசகம் ஒளிஞ்சிருக்க வாய்ப்பு உண்டு. அந்த விருதைக் குடுக்க வர்றவர் இயக்குநரா இருக்க மாட்டார், கோட் போட்ட ஒரு மார்க்கெட்டிங் தலைவரா இருப்பார். கடைசியா தொகுப்பாளரோட நகைச்சுவை. இதுதான் விலை உயர்ந்த இடம், ஏன்னா நாம சிரிக்கும்போது ரிமோட்டைத் தேட மாட்டோம்.

(இந்த இடத்துல ரெக்கார்டிங் பண்ணிக்கிட்டிருந்த நண்பர் குறுக்க கேட்டார்: "அப்போ அந்த நடிகைக்குத் தெரியுமா, இது விளம்பரம்னு?" சில நேரம் தெரியும், ஏன்னா அந்த ஷாம்புக்கு அவங்களே தூதரா இருப்பாங்க. சில நேரம் அந்த நிமிஷத்துல கேமரா முன்னாடி மாட்டிக்கிட்டு சிரிக்க வேண்டியதுதான். பாக்கிற நமக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.)

உலகத்துக்கே இதுக்கு ஒரு பாடநூல் உதாரணம் இருக்கு. 2014 மார்ச் 2, ஆஸ்கர் விழா. தொகுப்பாளர் எலன் டிஜெனரஸ் முன்வரிசைக்கு வர்றாங்க. மெரில் ஸ்ட்ரீப், ஜூலியா ராபர்ட்ஸ், பிராட் பிட்னு எல்லாரும் நெருக்கியடிச்சு நிக்க, பிராட்லி கூப்பர் ஃபோனைப் பிடிச்சு ஒரு செல்ஃபி எடுக்கிறார். அந்தப் படம் ட்விட்டர்ல 30 லட்சத்துக்கு மேல பகிரப்பட்டுச்சு. கொஞ்ச நேரம் ட்விட்டரே திணறிடுச்சு. ஃபோன், சாம்சங் கேலக்ஸி நோட் 3. சாம்சங் அந்த விழாவோட ஸ்பான்சர். ஒளிபரப்பின ஏ.பி.சி. சேனலோட அவங்களுக்கு இன்டகிரேஷன் ஒப்பந்தமும் இருந்துச்சு. ஒத்திகையிலயே சாம்சங் ஆட்கள் எலனுக்கு அந்த ஃபோனை எப்படிப் பயன்படுத்தறதுன்னு சொல்லிக்குடுத்தாங்கன்னு பத்திரிகைகள்ல வந்துச்சு. ஆனா செல்ஃபி மட்டும் எலன் தானா இயல்பாப் பண்ணதுன்னு கம்பெனி சொன்னது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற ஒண்ணு. அதே ராத்திரி எலன் மேடைக்குப் பின்னாடியிருந்து போட்ட ட்வீட்டுகளுக்குக் கீழ "ஐஃபோனிலிருந்து"ன்னு இருந்துச்சு. அப்போல்லாம் ட்விட்டர் எந்தக் கருவியிலேர்ந்து போட்டீங்கன்னு காட்டிக்குடுத்துடும். மேடையில ஒரு ஃபோன், கைப்பையில இன்னொண்ணு. அந்தச் சின்ன எழுத்துதான் அன்னிக்கு டியூப்லைட்டுல எழுதின பேரு.

இன்னொண்ணு, 2019 ஜனவரியில கோல்டன் குளோப்ஸ். சிவப்புக் கம்பளத்துல நட்சத்திரங்கள் படம் எடுத்துக்கிறாங்க, எல்லாருக்கும் பின்னாடி நீல உடையில ஒரு பெண் தட்டுல ஃபிஜி தண்ணி பாட்டில்களோட கேமராவையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. மறுநாள் இன்டர்நெட் முழுக்க அவங்கதான். விருது யாருக்குன்னு மறந்து போச்சு, தண்ணி பேர் நின்னுடுச்சு. அப்புறம் தன்னோட உருவத்தை அட்டையில வெட்டி விளம்பரத்துக்கு வெச்சதா அந்தப் பெண்ணுக்கும் கம்பெனிக்கும் கோர்ட் வழக்கே நடந்துச்சு.

சரி, பெரியம்மாவோட கேள்விக்கு வருவோம். "வெளம்பரம்னா வெளம்பரம்னு போட மாட்டானா?"

போடணும். நம்ம நாட்டுல 1994-ஆம் வருஷத்து கேபிள் டிவி விதிகள்னு ஒண்ணு இருக்கு. அதுல 7-வது விதி முழுக்க விளம்பரத்தைப் பத்தினது. ஒரு பிரிவு சொல்லுது, விளம்பரம் நிகழ்ச்சியிலேர்ந்து தெளிவாப் பிரிச்சு அறியுற மாதிரி இருக்கணும், திரையோட கீழ்ப்பகுதியில வாசகம் ஓட விட்டு நிகழ்ச்சியைக் கெடுக்கக் கூடாதுன்னு. இதைப் படிச்சுட்டு நீங்க எந்தச் சேனலை வேணாலும் போட்டுப் பாருங்க. சிரிப்பு வரும். இன்னொரு பிரிவு, ஒரு மணி நேரத்துல விளம்பரம் 12 நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. 10 நிமிஷம் வியாபார விளம்பரம், 2 நிமிஷம் சேனலோட சொந்த நிகழ்ச்சிகளுக்கான விளம்பரம். 2012-13 வாக்குல டிராய் இதைக் கறாரா அமல்படுத்தப் பாத்துச்சு. சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. அந்த வழக்கு வருஷக்கணக்கா இழுத்துச்சு.

இப்ப இந்த 12 நிமிஷத்தை மனசுல வெச்சுக்கிட்டு யோசிங்க. பிரேக்ல ஓடுற விளம்பரத்தை ஸ்டாப்வாட்ச் வெச்சு எண்ணலாம். ஹீரோ கையில இருக்கிற ஃபோனோட முதுகை எந்த வாட்ச் வெச்சு எண்ணுவீங்க? அது நிகழ்ச்சி. அந்த மூணு நாலு நொடி 12 நிமிஷக் கணக்குல வராது. ரிமோட்டால தாண்டவும் முடியாது. பிரேக் வந்தா நாம எழுந்து தண்ணி குடிக்கப் போவோம், சேனல் மாத்துவோம். அதனாலதான் விளம்பரக்காரங்க பிரேக்லேர்ந்து எழுந்து நம்ம கூட ஹால்ல வந்து உக்காந்துட்டாங்க.

இங்கிலாந்துல இதுக்கு ஒரு எளிமையான வழி வெச்சாங்க. அங்க 2011 பிப்ரவரி 28 வரைக்கும் அந்த ஊர் நிகழ்ச்சிகளுக்குள்ள காசு வாங்கிப் பொருளைக் காட்டவே கூடாதுன்னு இருந்துச்சு. அன்னிக்கு அனுமதி குடுத்தாங்க, ஆனா ஒரு நிபந்தனை. நிகழ்ச்சி தொடங்கும்போதும், முடியும்போதும், ஒவ்வொரு பிரேக்குக்கு அப்புறமும் திரை மூலையில "பி"ங்கிற எழுத்து தெரியணும். குறைஞ்சது மூணு நொடி. சிகரெட், மது, சூதாட்டம் இதையெல்லாம் அப்படிக் காட்டவே கூடாது. ஒரே ஒரு எழுத்து. அதுதான் அவங்க ஊரு உபயம். நம்ம டிவியில அப்படி ஒரு எழுத்து கிடையாது. இன்ஸ்டாகிராம்ல காசு வாங்கிப் போடுற வீடியோவுக்கு "பெய்ட் பார்ட்னர்ஷிப்"னு போடணும்னு 2023 ஜனவரியில மத்திய நுகர்வோர் துறை வழிகாட்டியே வெளியிட்டுச்சு. ரீல்ஸ் போடுற பொண்ணு சொல்லணும், நாலு மணி நேரம் ஓடுற விழாவுக்கு மூலையில ஒரு எழுத்தும் வேண்டாம்.

"சரி, ஷாம்புதானே, ஃபோன்தானே, இதுக்கு ஏன் இவ்ளோ கோபம்"னு கேக்கலாம். எனக்கும் ஷாம்பு மேல கோபம் இல்ல. ஆனா ஃபிலிம்ஃபேர் விருதுகளோட டைட்டில் ஸ்பான்சர் பேரை மட்டும் எடுத்து வரிசையா வெச்சுப் பாருங்களேன்.

ஃபிலிம்ஃபேர் 1954-ல தொடங்கினது. அப்போ அதுக்குப் பேர் "கிளேர் விருது", திரை விமர்சகர் கிளேர் மெண்டோன்சா நினைவா வெச்சது. ஒரு பத்திரிகையாளர் பேர்ல ஆரம்பிச்ச விழா. அப்புறம் 2000-களோட தொடக்கத்துல வந்தா அது "மாணிக்சந்த் ஃபிலிம்ஃபேர் விருதுகள்". மாணிக்சந்த்னா என்னன்னு அந்தக் காலத்துப் பொட்டிக்கடையில கேட்டா சொல்லியிருப்பாங்க, குட்கா. 2006-ல வந்தா "ஃபேர் ஒன் ஃபிலிம்ஃபேர்", சிவப்பாக்குற க்ரீம். அப்புறம் ஐடியா, செல்ஃபோன் கம்பெனி. பிரிட்டானியா, பிஸ்கட். ஜியோ. அமேசான். 2021-ல விமல் இலாய்ச்சி. 2022-ல வுல்ஃப்777நியூஸ். அதுக்கடுத்து ஹூண்டாய் கார்.

இந்த நாட்டுல எந்தக் காலத்துல யார் கையில காசு புரண்டுச்சுன்னு இதை விடச் சுருக்கமா எந்தப் பொருளாதாரப் புத்தகமும் சொல்லாது. அதுல ரெண்டு பேர்ல மட்டும் கொஞ்சம் நிக்கணும்.

ஒண்ணு, புகையிலைப் பக்கம். 2003-ல வந்த புகையிலைச் சட்டம் விளம்பரத்தை மட்டும் இல்ல, ஸ்பான்சர் பண்ணி விளம்பரம் தேடுறதையும் தடுக்குது. தமிழ்நாட்டுல 2013-ல குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் தடை வந்துச்சு. தியாகதுருகத்துல பெட்டிக்கடைக்காரர் அந்தச் சரத்தைத் தொங்க விட்டா கடைக்குச் சீல். ஆனா ஏலக்காய் விக்கத் தடை இல்லையே? அதனால பான் மசாலா பேர்லயே ஏலக்காய் வருது, அதே பேர், அதே மாதிரி எழுத்து. இதுக்குப் பேர் நிழல் விளம்பரம். ஏலக்காய் சட்டப்படி சரியான பொருள்தான். பாக்கிறவன் மனசுல நிக்கிறது ஏலக்காயா, பேரா அப்படிங்கிறதுதான் கேள்வி. 2022 ஏப்ரல்ல அக்‌ஷய் குமார் அந்த இலாய்ச்சி விளம்பரத்துல நடிச்சு, ரசிகர்கள் திட்டினதும் மன்னிப்புக் கேட்டு விலகினார். ரசிகர்கள் ஏமாறலன்னு இதுல தெரியுது.

இங்க ஒரு வேடிக்கை இருக்கு. 2012 அக்டோபர்லேர்ந்து தியேட்டர்ல ஹீரோ சிகரெட் பத்த வெச்சா கீழ எச்சரிக்கை வாசகம் வரணும். படம் ஆரம்பிக்கும்போதும் இடைவேளையிலயும் அந்தப் பயங்கரமான விழிப்புணர்வுப் படம், நம்ம தலைமுறைக்கே மனப்பாடம். அதே ஹீரோ அதே படத்துக்கு விருது வாங்க மேடை ஏறுறார், பின்னாடி ஆளுயர எழுத்துல ஒரு பான் மசாலாவோட பேர் இருந்தா அதுக்குக் கீழ எந்த எச்சரிக்கையும் வராது. கதையில வர்ற சிகரெட்டுக்கு இருக்கிற கண்டிப்பு, நிஜ மேடையில நிக்கிற பேருக்கு இல்ல.

ரெண்டாவது, வுல்ஃப்777நியூஸ். பேரைக் கேட்டா செய்தித் தளம் மாதிரி இருக்கும். 2022-ஐ மாசம் மாசமாப் பாருங்க. ஜூன் 9, நிழல் விளம்பரம் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோட வழிகாட்டுதல். ஜூன் 13, ஆன்லைன் பந்தய விளம்பரங்களை வெளியிடாதீங்கன்னு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தோட அறிவுரை. அதே ஜூன்ல தமிழ்நாட்டுல ஆன்லைன் ரம்மியில பணத்தைத் தொலைச்சுக் கடன்ல சிக்கித் தற்கொலை செஞ்சுக்கிட்டவங்களைப் பத்தின செய்திகள் வந்துக்கிட்டே இருந்ததால, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில அரசு ஒரு குழு போட்டு, அந்தக் குழு மாசக் கடைசியில அறிக்கையும் குடுத்துடுச்சு. ஆகஸ்ட் 30, மும்பையில அந்தப் பேரோட ஃபிலிம்ஃபேர் விழா நடக்குது. அக்டோபர் 3, அமைச்சகம் மறுபடி எழுதுது. வெளிநாட்டுப் பந்தயக் கம்பெனிகள் செய்தித் தளம்ங்கிற வேஷத்துல விளம்பரம் பண்றாங்க, லோகோவே ஒரே மாதிரி இருக்குன்னு சொல்லி, உதாரணமாக் குடுத்த பேர்கள்ல வுல்ஃப்777-உம் ஒண்ணு.

விழா முடிஞ்சு அஞ்சு வாரம் கழிச்சு. கோப்பையை வாங்கிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு.

தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரல்லதான் ஆளுநர் ஒப்புதலோட வந்துச்சு. அப்புறம் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுன்னு சொல்லி அந்தப் பகுதியை விலக்கினது. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு காசு வெச்சு ஆடுற எல்லா ஆன்லைன் விளையாட்டையும், அதுக்கான விளம்பரத்தையும் சேத்துத் தடை பண்ணிச் சட்டம் போட்டுச்சு. இதை ஏன் சொல்றேன்னா, விளம்பர இடைவேளையில பந்தயக் கம்பெனியைத் தடுக்கிறது கொஞ்சம் சுலபம். விழாவோட பேராவே வந்து நின்னுட்டா, செய்தி வாசிக்கிறவங்க கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆகணும். நானும் இப்போ சொல்லிட்டேன் பாருங்க.

இன்னொரு வகைப் பொருளும் இந்த மேடையில விக்கும். ஊரு. இதுல தமிழர்களுக்கு மறக்க முடியாத ஒரு கதை இருக்கு.

2020-ல ஃபிலிம்ஃபேர் மும்பையை விட்டு வெளிய போய் முதல் தடவையா குவஹாத்தியில நடந்துச்சு. 2024-ல குஜராத். நம்ம தென்னிந்திய சைமா விருதுகள் துபாய், மலேசியா, சிங்கப்பூர்னு சுத்தி வந்திருக்கு. நடுவுல மைக்ரோமேக்ஸ் சைமா, நெக்ஸா சைமான்னு கம்பெனிப் பேரும் மாறிக்கிட்டே இருக்கும். ஐஃபா விருதுகள் 2000-ல லண்டன்ல ஆரம்பிச்சதுலேர்ந்தே இப்படித்தான், வருஷத்துக்கு ஒரு ஊர். நட்சத்திரங்கள் அந்த ஊர்க் கடற்கரையில நடப்பாங்க, ஹோட்டல் பால்கனியில நின்னு கை அசைப்பாங்க. டிவியில பாக்கிற நாம, "அடுத்த லீவுக்கு அங்க போலாமா"ன்னு யோசிப்போம். சுற்றுலாத் துறைக்கு இதை விட நல்ல விளம்பரம் கிடையாது.

2010 ஜூன்ல ஐஃபா போன ஊர் கொழும்பு.

போர் முடிஞ்சு ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. 2009 மே மாசம் முள்ளிவாய்க்கால். முகாம்கள்ல இருந்த எத்தனையோ பேர் இன்னும் வீடு திரும்பல. அந்த நேரத்துல கொழும்புல சிவப்புக் கம்பளம். இலங்கை அரசுக்கு அந்த மூணு நாள்ல என்ன வேணும்னு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. "இங்க எல்லாம் சரியாயிடுச்சு, வாங்க"ங்கிற ஒரு படம் வேணும். அந்தப் படத்துல சிரிக்கிறதுக்கு நட்சத்திரங்கள் வேணும்.

தமிழ்நாட்டுல எதிர்ப்பு கிளம்புச்சு. மும்பையில ஐஃபாவோட தூதரா இருந்த அமிதாப் பச்சன் வீட்டு முன்னாடி தமிழர்கள் போராட்டம் பண்ணாங்க. தென்னிந்தியத் திரையுலக அமைப்புகள் புறக்கணிக்கச் சொன்னாங்க, போறவங்க படம் இங்க ஓடாதுன்னும் எச்சரிச்சாங்க. அமிதாப் போகல, ஷாருக் கான் போகல. தமிழ்த் திரையுலகம் ஒட்டுமொத்தமா விலகி நின்னுச்சு. விழா நின்னுடலை, நடந்துச்சு. சல்மான் கான், ஹிருத்திக் ரோஷன் மாதிரி சிலர் போனாங்க, "3 இடியட்ஸ்" சிறந்த படம்னு விருது வாங்குச்சு. ஆனா பத்திரிகைகள்ல யார் வந்தாங்கங்கிறதுக்குச் சமமா யார் வரலைங்கிறதும் செய்தியா ஆச்சு. படம் ஓடாதுன்னு நடிகர்களை மிரட்டினது சரியான்னு அப்பவே வாக்குவாதம் இருந்துச்சு, எனக்கும் அதுல முழு உடன்பாடு இல்ல. ஆனா ஒண்ணு நடந்துச்சு. மேடையில விக்கிற பொருள் எதுன்னு பாக்கிறவங்க கண்டுபிடிச்சு, சத்தமாச் சொல்லி, அந்தப் பொருள் மேல பேரை எழுதிட்டாங்க. டியூப்லைட்டுல கடைக்காரர் எழுதாத பேரை ஊர்க்காரங்க எழுதின மாதிரி.

நம்ம டிவியிலயே தினமும் பாக்கிற இன்னொரு வகையையும் வேகமாச் சொல்லிடுறேன். சன் குடும்பம் விருதுகள், ஜீ தமிழ் குடும்ப விருதுகள், விஜய் டெலிவிஷன் விருதுகள். சேனல் தன் சொந்த சீரியல் ஆட்களுக்குத் தானே விருது குடுக்குது. சிறந்த மாமியார், சிறந்த ஜோடி. பெரியம்மாவுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும், வில்லியா நடிக்கிற பொண்ணு நிஜத்துல அழுறதைப் பாக்கலாம்ல. இங்க விக்கிற பொருள் சேனலே. ஒரு மணி நேரத்துக்கு 2 நிமிஷம்னு சொன்னேன் பாருங்க சொந்த விளம்பரத்துக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க ஓடுற இந்த விழா அந்தக் கணக்குல வராது. இதுக்கும் ஒரு படி மேல போய் 2016-ல லக்ஸ் சோப்பு தன் பேர்லயே "லக்ஸ் கோல்டன் ரோஸ்"னு ஒரு விருது விழாவையே நடத்துச்சு. 1941-ல லீலா சிட்னிஸ்லேர்ந்து நடிகைகளை சோப்பு விளம்பரத்துல கொண்டு வந்த கம்பெனி, கடைசியில இடைத்தரகரே வேண்டாம்னு மேடையையே வாங்கிடுச்சு.

பழைய ஆட்கள் சிரிப்பாங்க. 1952-லயே ரேடியோ சிலோன்ல ஒரு பற்பசை பேர்ல "பினாகா கீத்மாலா" வந்துச்சே, அதுல என்ன புதுசுன்னு. நாமளும் "ஏர்டெல் சூப்பர் சிங்கர்"னு சேத்துச் சேத்துச் சொல்லித்தானே வளந்தோம், ஏர்டெல்லை எடுத்துட்டு அந்தப் பேரைச் சொன்னா இன்னிக்கும் நாக்கு தடுக்குது. உண்மைதான். ஆனா அதெல்லாம் பேரை நெத்தியில ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பற்பசை வேணாம்னா பாட்டை மட்டும் கேட்டுக்கலாம். பாட்டுக்கு நடுவுல பாடகர் பல் தேய்க்கலை.

பெரியம்மா வீட்டுல அடுத்த நாள் பாகம் ரெண்டு ஓடுச்சு. என் அக்கா பையன் எட்டாவது படிக்கிறான், ரஃப் நோட்டை எடுத்துட்டு வந்து உக்காந்தான். பொருள் எப்போ தெரிஞ்சாலும் ஒரு கோடு, அஞ்சு சேந்தா குறுக்க ஒரு வெட்டு. பேனருக்கு ஒரு கோடா, பேனர்ல இருக்கிற ஒவ்வொரு லோகோவுக்கும் ஒரு கோடான்னு முதல் சண்டை. தொகுப்பாளர் பேரைச் சொன்னா ஒண்ணு, பொருளையும் கையில பிடிச்சா ரெண்டுன்னு அவனே விதி போட்டான். முதல் பிரேக் வர்றதுக்கு முன்னாடியே ஒரு பக்கம் முடிஞ்சுடுச்சு.

விருது குடுக்க ஒரு நடிகை மேடை ஏறினாங்க, கழுத்து நிறைய நகை. அவன் பேனாவைக் கீழ வெச்சுட்டான், அதுல லோகோ இல்லையாம். பெரியம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமயே சொன்னாங்க: "அவ சொந்த நகையா அது? கடைக்காரன் குடுத்துவிட்டிருப்பான். அதுக்கும் ஒரு கோடு போடு."